ட்ரையர் அருகே கறுத்துப்போகும் திரை: திரவப் பளிங்குகள் பற்றி ஒரு பதில்

நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மின் பராமரிப்பு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: கொழுந்து வாட்டும் மாடியில் தொங்கும் டிஜிட்டல் வெப்பமானியில் ஜனவரி மாதத்து விடியற்காலைகளில் எண்கள் மங்கித் தெரிகின்றன, ஓர் எண் அழிவதற்குள் அடுத்த எண் அதன்மேல் படிந்தாற்போல மெதுவாக மாறுகின்றன. அதே மாதிரிக் கருவியைத் தேயிலை உலர்த்தும் இயந்திரமான ட்ரையரின் வாயருகே வைத்தால் சற்று நேரத்தில் திரை முழுதும் கறுத்துவிடுகிறது. எடுத்து ஆறவிட்டால் எண்கள் திரும்பவும் வந்துவிடுகின்றன. இந்தத் திரைக்குள் இருப்பது திரவப் பளிங்கு என்கிறார்களே, பளிங்கு என்றால் திண்மம் அல்லவா, அது எப்படித் திரவமாக இருக்க முடியும், அதில் எத்தனை வகை உண்டு, திரைகளைத் தவிர வேறு எதற்குப் பயன்படுகிறது என்றும் கேட்டிருக்கிறார்.

குளிரில் வரும் கோளாறுக்கும் சூட்டில் வரும் கோளாறுக்கும் வேர் ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். திண்மப் பளிங்கு ஒன்றினுள் மூலக்கூறுகளுக்கு இரண்டு வகை ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நிற்பதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அவை எந்தப் பக்கம் நோக்கி நிற்க வேண்டும் என்பதும் நிர்ணயமாகியிருக்கிறது. பனிக்கட்டி உருகும்போது இடவொழுங்கும் திசையொழுங்கும் ஒரே வெப்பநிலையில் ஒன்றாகக் குலைந்துவிடுகின்றன. எனவே திண்மத்துக்கும் திரவத்துக்கும் நடுவே நிற்பதற்கு ஒரு படி அங்கே இல்லை. ஆனால் மூலக்கூறுகள் நீண்ட கோல் வடிவிலோ தட்டையான வட்ட வடிவிலோ அமைந்திருக்கும் சில சேதனச் சேர்வைகளில், வெப்பம் ஏறும்போது முதலில் இடவொழுங்கு மட்டும் போகிறது. பொருள் ஒழுகத் தொடங்குகிறது. பாத்திரத்தின் வடிவத்தை ஏற்கிறது. ஆயினும் மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே பக்கம் சாய்ந்தே நகர்கின்றன. இன்னும் சூடேற்றினால்தான் அந்தத் திசையொழுங்கும் கலைந்து, பொருள் சாதாரணத் தெளிந்த திரவமாகிறது. இவ்விரு வெப்பநிலைகளுக்கும் இடைப்பட்ட நிலைதான் திரவப் பளிங்கு. தமிழகத்தார் இதையே திரவப் படிகம் என்பர்.

கொழுந்தெடுக்கும் மலை ஒன்றை எதிர்ச்சரிவில் நின்று பாருங்கள். எல்லோரும் முகட்டை நோக்கியே ஏறுகிறார்கள். ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே, அடுத்தவருக்கும் தமக்கும் உள்ள இடைவெளி கணத்துக்குக் கணம் மாறுகிறது. முகம் மட்டும் திரும்புவதில்லை. திரவப் பளிங்கில் மிக எளிய வகை இப்படித்தான் இருக்கிறது. ஆயினும் மூலக்கூறுகள் அவ்வளவு கட்டுப்பாடாக நடப்பவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவை எந்நேரமும் ஆடிக்கொண்டும் புரண்டுகொண்டும் இருப்பதால், நாம் திசை என்று சொல்வது சராசரித் திசையையே. அந்த ஒழுங்கை இயற்பியலாளர் 0 முதல் 1 வரையான ஓர் அளவால் குறிக்கின்றனர்: 0 என்றால் முழுக் குழப்பம், 1 என்றால் அனைத்தும் ஒரே கோட்டில். வெப்பம் ஏற ஏற இந்த அளவு குறைந்துகொண்டே வந்து, பொருள் தெளிந்த திரவமாகும் வெப்பநிலையில், அதாவது தெளிவு வெப்பநிலையில், ஒரேயடியாகச் சுழிக்கு விழுகிறது. இத்தகைய ஒழுங்கு மாற்றங்களை ஆராயும் முறைகளைத் திரவப் பளிங்குகளுக்கும் பல்பகுதியங்களுக்கும் (பொலிமர்களுக்கும்) விரித்துக் காட்டியதற்காகவே பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் து ஜென் 1991ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார்.

இது முதலில் கண்ணில் பட்டது ஒரு தாவரவியலாளருக்கு. பிராகா நகரில் பணியாற்றிய ஆஸ்திரியர் பிரீட்ரிக் ரைனிட்சர், கரட்டிலிருந்து எடுத்த கொலஸ்திரோலைக் கொண்டு 1888இல் கொலஸ்ரறைல் பென்சோயேற்று என்ற சேர்வையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது 145.5 பாகை செல்சியசில் உருகியது. ஆனால் தெளிவாக அல்ல, பால் கலங்கினாற்போல. மேலும் சூடாக்கினார், 178.5 பாகையில் அந்தக் கலங்கல் திடீரென மறைந்து, திரவம் கண்ணாடிபோல் தெளிந்தது. ஆறவிட்டபோது ஊதாவும் நீலமுமாக நிறங்கள் தோன்றி மறைந்தன. தூய பொருளுக்கு உருகுநிலை ஒன்றுதான் என்பது அன்றைய இரசாயனத்தின் உறுதியான நம்பிக்கை; இரண்டு வந்தால் மாதிரியில் அழுக்கு இருக்கிறது என்பார்கள். (இடையில் ஒரு செய்தி: நுவரெலியாவில் நீர் 94 பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடுகிறது என்பதால் ரைனிட்சரின் எண்களும் மலைமேல் மாறுமோ என்று ஐயுற வேண்டாம். கொதிநிலைதான் வளியமுக்கத்துக்கு இப்படி வளைந்துகொடுக்கும். இந்த இரண்டு வெப்பநிலைகளையும் வளியமுக்க வேறுபாடு பொருட்படுத்தத்தக்க அளவுக்கு அசைக்காது.)

ரைனிட்சர் செய்த நல்ல காரியம், விடை தெரியாத அந்தப் பொருளை அதற்கேற்ற ஆளிடம் அனுப்பியதே. ஜேர்மனிய இயற்பியலாளர் ஒட்டோ லேமனிடம் மாதிரியைச் சூடாக்கியபடியே பார்க்கக்கூடிய, முனைவாக்கிகள் பொருத்திய நுணுக்குக்காட்டி ஒன்று இருந்தது. முனைவாக்கி என்பது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடக்கவிடும் தகடு. குறுக்காக வைத்த இரண்டு முனைவாக்கிகளுக்கிடையே சாதாரணத் திரவம் எதுவும் இருளாகவே தெரியும். கலங்கிய இந்தத் திரவமோ ஒளிர்ந்தது. திண்மப் பளிங்குகள் பலவும் அவ்வாறுதான் ஒளிரும். 1889இல் லேமன் அதை ஓடும் பளிங்கு என்றே எழுதினார். அது வெறும் குழம்புக் கலவை என்று வாதிட்டவர்கள் பல ஆண்டுகள் ஓயவில்லை. ஜேர்மனியின் ஹாலே நகரில் இரசாயனவியலாளர் டானியல் போர்லாண்டரும் மாணவரும் இத்தகைய சேர்வைகளைத் தொடர்ந்து தயாரித்து, நேரான நீண்ட மூலக்கூறே இந்நிலைக்கு அடிப்படை என்று காட்டிய பின்னர்தான் அந்த வாதம் மெல்ல அடங்கியது.

இயல்புகளுக்கு வருவோம். திசையொழுங்கு இருப்பதால், இப்பொருளின் ஏறத்தாழ எல்லா இயல்பும் திசைக்குத் திசை வேறுபடும். ஒளி அதில் முதன்மையானது. மூலக்கூறின் நெடுக்கில் அதிரும் ஒளிக்கும் குறுக்கில் அதிரும் ஒளிக்கும் முறிவுச்சுட்டி, அதாவது பொருளுக்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகிறது என்ற அளவு, ஒன்றல்ல. ஐந்து கார்பன் வால் கொண்ட சயனோபைபீனைல் என்னும் புகழ்பெற்ற சேர்வையில் அவை ஏறத்தாழ 1.71, 1.53, வேறுபாடு 0.18 அளவில் வருகிறது. படிகக்கல் எனப்படும் குவார்ட்சில் அதே வேறுபாடு 0.009 மட்டுமே. ஒரு திரவம் கல்லைவிடப் பன்மடங்கு வலிமையாக ஒளியைப் பிரிப்பதால்தான் சில மைக்ரோமீற்றர் தடிப்புள்ள படலமே ஒரு திரைக்குப் போதுமானதாகிறது. இரண்டாவது, மின்புலத்துக்கு அது காட்டும் பணிவு. மூலக்கூறின் ஒரு முனை மின்னேற்றத்தை இழுத்துக்கொள்வதாக அமைந்திருந்தால், ஓரிரு வோல்ற்று கொடுத்த உடனே மூலக்கூறுகள் கூட்டமாகப் புலத்தின் திசைக்குத் திரும்பிவிடும். மூன்றாவது, சுவருக்குக் கட்டுப்படும் குணம். கண்ணாடியில் பொலியிமைட்டு என்னும் பிளாஸ்டிக்கின் மெல்லிய படலம் பூசி, அதை வெல்வெட்டு போன்ற துணியால் ஒரே திசையில் தேய்த்துவிட்டால், அதைத் தொட்டு நிற்கும் மூலக்கூறுகள் தேய்த்த திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. நான்காவது, ஒரு வகை மீள்தன்மை: புலத்தை எடுத்துவிட்டால் திருப்பிய திசையை விட்டு மீண்டும் சுவர் சொன்ன திசைக்கு வருகின்றன. எவ்வளவு விரைவாக வருகின்றன என்பது பாகுநிலையை, அதாவது திரவம் ஓடத் தயங்கும் தன்மையை, பொறுத்தது. அந்தப் பாகுநிலைதான் வாட்டும் மாடியில் உங்களைச் சோதிக்கிறது.

வகைகளை முதலில் பிரித்துப் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ஜோர்ஜ் பிரீடல், ஆண்டு 1922. அவர் சொன்ன மூன்றும் இன்றுவரை நிற்கின்றன. நெமற்றிக்கு வகையில் திசை மட்டுமே ஒழுங்கு. மேலே சொன்ன மலைக் காட்சி இதற்கே பொருந்தும். சிமெக்ரிக்கு வகையில் திசையோடு அடுக்கும் சேர்ந்துகொள்கிறது: மூலக்கூறுகள் தளம் தளமாக நிற்கும், தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், ஒரு தளத்துக்குள் மட்டும் இடம் தாறுமாறாக இருக்கும். தளத்துக்குச் செங்குத்தாக நிற்பது, சாய்ந்து நிற்பது என்று இதற்குள்ளேயே பல பிரிவுகள். மூன்றாவது கொலஸ்தெரிக்கு வகை. ரைனிட்சரின் பொருள் இதைச் சேர்ந்தது. இங்கே மூலக்கூறுக்கு இடக்கை வலக்கை வேறுபாடு இருப்பதால், ஒரு படையிலிருந்து அடுத்த படைக்குப் போகும்போது திசை சற்றுச் சற்றாகத் திரும்பி, முழுப் பொருளும் முறுக்கேறி நிற்கிறது. ஒரு முழு முறுக்கின் நீளம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளத்துக்குச் சமீபமாக இருந்தால், அதற்குரிய நிறம் மட்டும் தெறித்து வருகிறது. சாயம் எதுவும் இல்லாமலே நிறம். பளபளக்கும் சில வண்டுகளின் ஓட்டிலும் இதே முறுக்கு உறைந்து நிற்கிறது. அவற்றிலிருந்து தெறிக்கும் ஒளி வட்டமாக முனைவாக்கப்பட்டது, அதாவது அதன் அதிர்வுத் திசை திருகுபோல் சுழன்றபடி வருகிறது என்பதை அமெரிக்க இயற்பியலாளர் மைக்கல்சன் 1911இலேயே கவனித்தார்.

கோல் வடிவம்தான் வேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையை உடைத்த வேலை பெங்களூரில் நடந்தது. சர் சி.வி. இராமனின் சகோதரி மகனான சிவராமகிருஷ்ண சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் ஆகிய மூவரும் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில், தட்டு வடிவ மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுத் தூண்களாகி, அந்தத் தூண்கள் திரவ நிலையிலேயே நிற்பதை 1977இல் அறிவித்தார்கள். இன்று திரையைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் படம் கெடாதிருக்க ஒட்டப்படும் மெல்லிய ஈடுசெய் படலங்களில் இந்தத் தட்டு மூலக்கூறுகள் பயன்பட்டிருக்கின்றன.

இதுவரை சொன்னவை வெப்பத்தால் உண்டாகுபவை. கரைப்பானின் அளவால் உண்டாகும் இன்னொரு பெருங்குடும்பம் உண்டு. அது உங்கள் குளியலறையிலேயே இருக்கிறது. சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை வெறுக்கும். நீர் நிறைய இருந்தால் அவை சிறு சிறு உருண்டைகளாகத் திரளும். நீர் குறையக் குறைய உருளைகளாகி, பிறகு தட்டைப் படைகளாகி அடுக்கடுக்காய் நிற்கும். சவர்க்காரத் தயாரிப்பில் கொதிகலனில் மேலே தெளிந்து நிற்கும் குழம்பு இந்தப் படை நிலையிலேயே இருக்கிறது. நம் உடலின் ஒவ்வொரு கலத்தையும் சுற்றியுள்ள கொழுப்பு மென்சவ்வும் இதே கட்டுமானம்தான்: இரு படை மூலக்கூறுகள், படைக்குள் தாராளமாக நகரலாம், படையை விட்டு வெளியேறுவது கடினம். புகையிலைச் செடிக்கு நோய் தரும் புகையிலைச் சித்திர வைரசின் செறிந்த கரைசல் தானாகவே திரவப் பளிங்காவதை பாவ்டன், பிரி என்னும் பிரித்தானிய ஆய்வாளர் இருவர் 1936இல் கண்டார்கள்.

இனி திரை. ஐந்து மைக்ரோமீற்றர் அளவு இடைவெளியில், அதாவது தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நெமற்றிக்குத் திரவம் அடைக்கப்பட்டிருக்கிறது. மேற்கண்ணாடியில் தேய்த்த திசையும் கீழ்க்கண்ணாடியில் தேய்த்த திசையும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருப்பதால், நடுவில் உள்ள மூலக்கூறுகள் படிக்கட்டுத் திரும்புவதுபோல் 90 பாகை திரும்பி நிற்கின்றன. வெளியே இரு பக்கமும் குறுக்காக ஒட்டிய முனைவாக்கிகள். மேலிருந்து வரும் முனைவாக்கிய ஒளி அந்தத் திருப்பத்தோடு தானும் திரும்பி, அடுத்த முனைவாக்கியைத் தடையின்றிக் கடந்து, அடியிலுள்ள பிரதிபலிப்புத் தகட்டில் பட்டுத் திரும்பி வருகிறது. ஆகவே வெறுந்திரை வெளுப்பாகத் தெரிகிறது. எண்ணின் ஒரு கோட்டுக்கு வோல்ற்று கொடுத்தவுடன் அவ்விடத்து மூலக்கூறுகள் நிமிர்ந்து, திருப்பம் குலைந்து, ஒளி திரும்பாமலே சென்று அடுத்த முனைவாக்கியில் முட்டி நின்றுவிடுகிறது. அந்தக் கோடு கறுப்பு. திரவப் பளிங்கு தானாக ஒளி தருவதில்லை. ஒளிக்குக் கதவாக மட்டுமே இருக்கிறது.

இந்த அமைப்பை மார்ட்டின் ஷாட்டும் வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக்கும் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் உருவாக்கி, 1970 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபர்கசனும் இதே வழிக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே 1968இல் ஆர்சிஏ நிறுவனத்தில் ஜோர்ஜ் ஹைல்மெயரின் குழு வேறொரு முறையில் திரை செய்து காட்டியிருந்தது. 1973இல் வந்த ஷார்ப் கணிப்பானில் இருந்தது அந்தப் பழைய முறையே. உண்மையில் தடையாக நின்றது பொறியியல் அல்ல, இரசாயனம். அறை வெப்பநிலையில் திரவப் பளிங்காக இருந்து, ஈரத்துக்கும் ஒளிக்கும் சிதையாத பொருள் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கிரே 1973இல் அறிவித்த சயனோபைபீனைல்கள்தான் அதைத் தீர்த்தன. திரை வரலாற்றில் பெயர் அதிகம் பேசப்படாதவர் அவர். என் கணிப்பில் முதலிடம் அவருக்கே. முன்னே சொன்ன அந்தச் சேர்வை தனியாக ஏறத்தாழ 24 முதல் 35 பாகை வரைதான் திரவப் பளிங்காக இருக்கும். நுவரெலியாவுக்கு அது உதவாது. அதை உறவுச் சேர்வைகளோடு கலந்தால் உருகுநிலை இறங்குகிறது, தெளிவு வெப்பநிலை ஏறுகிறது. புகழ்பெற்ற ஒரு கலவை ஏறத்தாழ −10 முதல் 60 பாகை வரை தாங்கியது.

இப்போது உங்கள் இரு கோளாறுகளும் தாமே அவிழ்கின்றன. துகள் உறைபனி விழும் விடியலில் திரவத்தின் பாகுநிலை பன்மடங்கு ஏறுகிறது. மூலக்கூறுகள் பழைய திசைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் பாகுநிலைக்கு நேர்விகிதத்திலும் இடைவெளித் தடிப்பின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் இருப்பதால், வழக்கமாகச் சில பத்து மில்லிசெக்கன்களில் மறையும் கோடு கண்ணுக்குத் தெரியுமளவு தங்கி நிற்கிறது. குளிரில் அவற்றைத் திருப்ப வேண்டிய வோல்ற்றளவும் கூடுகிறது, பற்றரியின் வலுவும் குறைகிறது, எனவே மங்கல். ட்ரையருக்குள் செலுத்தும் காற்றோ 90 பாகையைத் தாண்டுவது வழக்கம். அதன் அருகில் திரை தன் தெளிவு வெப்பநிலையைக் கடந்ததும் திரவப் பளிங்கு வெறும் திரவமாகிவிடுகிறது. திசை இல்லை, திசை இல்லாததால் திருப்பமும் இல்லை. வோல்ற்று கொடுத்த இடம், கொடுக்காத இடம் என்ற வேறுபாடின்றி எல்லா இடத்திலும் ஒளி முட்டி நிற்பதால் திரை முழுதும் கறுக்கிறது. அந்தக் கணத்தில் உங்கள் கருவிக்குள் நடப்பது, ரைனிட்சர் 178.5 பாகையில் கண்ட அதே மாற்றம்தான். ஆறியதும் கண்ணாடிச் சுவர் மூலக்கூறுகளுக்குத் திசையை மறுபடியும் சொல்லிக்கொடுக்க, எண்கள் வந்துவிடுகின்றன.

பழுதான பழைய கணிப்பான் ஒன்று கிடைத்தால், திரையின் மேலே ஒட்டியுள்ள சாம்பல் நிறத் தாளை நகத்தால் மெல்ல உரித்துப் பாருங்கள், அதுதான் முனைவாக்கி. எண்கள் அடியோடு மறைந்துவிடும், கருவி தொடர்ந்து வேலை செய்தாலும். உரித்த தாளைக் கையில் பிடித்து அதன் வழியே பார்த்தால் எண்கள் தோன்றும்; தாளைக் கால்வட்டம் திருப்பினால் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் மாறும். பழுது பார்ப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய இன்னொன்று, இத்தகைய திரைக்கு நேரோட்டம் கொடுக்கக்கூடாது என்பது. நேரோட்டத்தில் திரவம் மின்பகுப்புக்கு உள்ளாகிச் சிதையும். ஆகவேதான் அதன் சுற்று ஆடலோட்டத்தையே தருகிறது. திரவத்தின் ஊடாகப் பாயும் மின்னோட்டம் மிகச் சொற்பம். தொலைக்காட்சி எடுக்கும் மின்சாரத்தின் பெரும்பங்கு பின்விளக்குக்கே போகிறது. எல்.ஈ.டி. தொலைக்காட்சி என்று கடையில் விற்பவற்றில் பெரும்பாலானவை திரவப் பளிங்குத் திரைகளே, எல்.ஈ.டி. என்பது அவற்றின் பின்விளக்கு. கையடக்கத் தொலைபேசிகளில் வரும் ஓ.எல்.ஈ.டி. திரைதான் தானே ஒளிர்வது. படம் காட்டுவதற்கு அதில் திரவப் பளிங்கு இல்லை.

திரைக்கு வெளியே உள்ள பயன்களில் உங்கள் பட்டறைக்கு மிக நெருங்கியது, உலோக ஒட்டுவேலையின்போது (வெல்டிங்) தானாக இருளும் முகக்கவசம். வில்லொளி எழுந்த கணத்திலேயே உணரி அதைக் கண்டு திரவப் பளிங்குக் கதவை மூடுகிறது. புறஊதாவையும் அகச்சிவப்பையும் தடுப்பது அதில் நிரந்தரமாக உள்ள வேறு வடிகட்டி. ஆகவே பற்றரி தீர்ந்தாலும் அந்தக் காப்பு போவதில்லை. நெற்றியில் வைத்துக் காய்ச்சல் பார்க்கும் பட்டி கொலஸ்தெரிக்கு வகையின் பயன்: வெப்பம் கூடும்போது முறுக்கு இறுகி, தெறிக்கும் நிறம் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகர்கிறது. இதே பொருளைப் படலமாக மின்சுற்றின்மேல் பரப்பி, எங்கே அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று நிறத்தால் கண்டுபிடிக்கும் வழக்கமும் உண்டு. பொத்தானைத் தட்டினால் வெண்மூடலாகவும் தெளிவாகவும் மாறும் அலுவலகக் கண்ணாடிகளில், பல்பகுதியத்துள் சிதறிய திரவப் பளிங்குத் துளிகள் இருக்கின்றன. குண்டு துளைக்காத மேலங்கிகளின் கெவ்லர் இழையும் இங்கேதான் பிறந்தது. 1965இல் டூபோண்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் தயாரித்த கரைசல் நீர்த்தும் கலங்கியும் இருந்ததால், இழைக்கும் இயந்திரத்தின் துளைகள் அடைத்துப்போகும் என்று பயந்த பணியாளர் முதலில் அதை நூற்கவே மறுத்தார். கலங்கலுக்குக் காரணம் அழுக்கல்ல. மூலக்கூறுகள் கரைசலிலேயே ஒரே திசையில் அடுக்கி நின்றன, நூற்றபோது அந்த ஒழுங்கு அப்படியே இழையின் பலமாகிவிட்டது.

கடைசியாக, தொழிற்சாலைக்குச் செய்ய வேண்டியது. சாதாரணத் திரைகள் பெரும்பாலும் 0 முதல் 50 பாகைக்கு உரியவை. விரிவான வெப்பநிலைக்கென −20 முதல் 70 வரை தாங்குபவையும் விற்பனைக்கு உண்டு. வாட்டும் மாடிக்கு இரண்டாவது வகையைக் கேட்டு வாங்குங்கள். ட்ரையருக்குத் திரையோடு சேர்ந்த கருவி வேண்டாம். உணரி மட்டும் வாயருகே இருக்க, நீண்ட கம்பியில் காட்சிப்பெட்டியைச் சுவருக்கு அப்பால் கொண்டுபோய்விடலாம், அல்லது சிவப்பு எல்.ஈ.டி. எண்கள் உள்ள மீற்றரைப் பொருத்தலாம். இதுவரை கறுத்துத் தெளிந்த கருவியைத் தூக்கியெறியத் தேவையில்லை. திரவத்துக்கு ஒன்றும் ஆகியிராது. ஆனால் மீண்டும் மீண்டும் சூடுபட்டால் முனைவாக்கித் தாளும் அதன் பசையும் பழுத்து, திரையில் பழுப்புத் திட்டோ குமிழோ விழும். அது ஆறினாலும் போகாது; அப்படி ஒன்று தெரிந்தால் திரையை மாற்றிவிடுங்கள்.